பரிந்துரைக்கும் பட்டியல், பார்க்கும் பட்டியல்

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "நல்ல படம் ஏதாவது இருந்தா சொல்லுங்க." பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பெயர்கள் வந்து விழும். பெங்களூரில் இருக்கும் தம்பி ஒரு கொரியத் தொடரைச் சொல்வான். சித்தப்பா ஓர் ஈரானியப் படத்தைச் சொல்வார்; நாலு வருஷமாக அதே படத்தைத்தான் சொல்கிறார். அத்தை மலையாளத்தில் புதிதாக வந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, "மொத அரை மணி நேரம் பொறுத்துக்கணும்" என்று சேர்ப்பார். கேட்டவர் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலைக் காட்டி நன்றி சொல்வார். மறுநாள் விசாரித்தால், ‘மைக்கேல் மதன காமராஜன்’ பார்த்தோம் என்பார். எத்தனையாவது தடவை என்று கேட்கக் கூடாது.

இதைச் சோம்பல் என்றே பல நாள் நினைத்திருந்தேன். "ஊருக்குத்தான் உபதேசம்" என்று சித்தப்பாவைக் கேலியும் செய்திருக்கிறேன்; அந்த ஈரானியப் படத்தை அவர் பார்த்ததே ஒரு தடவைதான், அதிலும் பாதியில் தூங்கிவிட்டார் என்பது சித்தி கொடுத்த தகவல். ஆனால் வீட்டில் பார்க்கும் படங்களை மனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பற்றிய ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, எங்கள் குழுவில் நடப்பது உலகமெங்கும் நடப்பதுதான் என்று புரிந்தது. பிறருக்குச் சொல்லும் படங்கள் ஒரு பட்டியல். உட்கார்ந்து பார்க்கும் படங்கள் இன்னொரு பட்டியல். நெட்ஃப்ளிக்ஸ் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்து, உலகத்து கணித மூளைகளையெல்லாம் மூன்று ஆண்டுகள் வேலை வாங்கி, கடைசியில் வந்து சேர்ந்த இடமும் இதுதான்.

படத்தைப் பற்றி யார் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்ற கேள்வி பழையது. 1945இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிகேட்டர் என்ற நடுத்தர ஊரில் சுமார் 800 பெண்களைச் சந்தித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதன் முடிவுகளை எலிஹு காட்ஸும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் 1955இல் ‘பர்சனல் இன்ஃப்ளுயன்ஸ்’ என்ற நூலாக வெளியிட்டார்கள். வீட்டுச் சாமான் வாங்குவது, உடை அலங்காரம், ஊர் உலக விவகாரம், சினிமா என்று நான்கு விஷயங்களில் ஒருவர் பேச்சை இன்னொருவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்த்தார்கள். சாமான் வாங்குவதில் பெரிய குடும்பத்துத் தாய்மார்களின் சொல் எடுபட்டது. சினிமாவிலோ கல்யாணமாகாத இளம் பெண்களின் சொல்தான் சபையேறியது. பணமோ படிப்போ அங்கே பெரிதாக உதவவில்லை. வயதில் பெரியவர்கள் சின்னவர்களிடம் கேட்டுக்கொண்ட துறை என்று அதைச் சொல்லலாம்.

நம் வீடுகளிலும் புளி எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று அம்மாவிடம் கேட்பார்கள். எந்தப் படம் போடலாம் என்று காலேஜ் போகும் பெண்ணிடம் கேட்பார்கள். ரிமோட் அப்பா கையில் இருக்கும், யோசனை அவளுடையதாக இருக்கும்.

ஆனால் டிகேட்டர் பெண்கள் பேசியது கொட்டகைக்குப் போய்ப் பார்க்கும் படங்களைப் பற்றி. வீட்டில் படம் பார்ப்பது வேறு சங்கதி. கொட்டகையில் படம் மோசமென்றால் இடைவேளையில் முறுக்குத் தின்று சமாளிக்கலாம். கூட வந்தவர்களும் அதே இருட்டில் முகம் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக் கூடத்தில் ட்யூப்லைட் வெளிச்சத்தில், பாட்டியும் பத்தாம் வகுப்புப் பையனும் ஒரே சோபாவில் இருக்க, திரையில் வரக் கூடாத காட்சி வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் தாகம் எடுக்கும்.

*

தமிழ்நாட்டில் வீட்டுக்குள் சினிமா வந்த முதல் கட்டத்தில் பரிந்துரைக்கு வேலையே இல்லை. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்ன படம் போடுகிறார்களோ அதுதான் படம். தெருவே அதைப் பார்த்தது. மறுநாள் பேச்சு இருந்ததே தவிர முதல் நாள் ஆலோசனை இல்லை. தேர்வு என்று ஒன்று இருந்தால்தானே யோசனை கேட்க முடியும்?

எண்பதுகளில் ‘டெக்’ வந்தது. வசதியுள்ள வீடுகளில் சொந்தமாக. மற்றவர்களுக்கு ஒரு ராத்திரி வாடகைக்கு. டெக்கும் கலர் டிவியும் மூன்று நான்கு கேசட்டும் சேர்த்து எடுத்து வந்தால், விடிவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும். வாடகை வீணாகக் கூடாதே. இந்தக் காலத்தில்தான் வீடியோ லைப்ரரிக்காரர் என்ற புதிய பரிந்துரையாளர் பிறந்தார். அவருக்கு உங்கள் வீட்டைத் தெரியும். போன வாரம் என்ன எடுத்தீர்கள், எதைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள் (கேசட் முழுதாகச் சுற்றப்படாமல் வந்தால் அவருக்குத் தெரிந்துவிடும்), ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறாரா என்பதெல்லாம் அவர் மனக்கணக்கில் இருக்கும். அவருக்கென்று ஒரு சொந்த நலனும் உண்டு. "அது வெளிய போயிருக்கு சார். இதப் பாருங்க, அதவிட நல்லா இருக்கும்" என்று அவர் எடுத்துக் கொடுக்கும் படம், பெரும்பாலும் அலமாரியில் சும்மா கிடக்கும் படமாக இருக்கும்.

நெட்ஃப்ளிக்ஸின் பரிந்துரை இயந்திரமும் இதே காரணத்துக்காகத்தான் பிறந்தது என்பது இன்று பலருக்கு நினைவில்லை. ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் 1997இல் தொடங்கிய அந்தக் கம்பெனி, தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பும் கடையாக இருந்தது. புதுப்படத்தை எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள். அத்தனை டிவிடி வாங்கினால் கட்டுப்படியாகாது. பழைய படங்களோ கிடங்கில் தூங்கும். வாடிக்கையாளரைக் கிடங்கின் பக்கம் திருப்ப ஒரு வழி வேண்டியிருந்தது. 2000இல் வந்த ‘சினிமேட்ச்’ என்ற மென்பொருள் அந்த வேலையைச் செய்தது. நம்மூர் லைப்ரரிக்காரர் சொன்னதைத்தான் அதுவும் சொன்னது, குரலில்லாமல்.

தமிழில் இதற்கிடையே நடந்த இன்னொன்று, ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காதது. பார்க்கவே வழியில்லாத படங்களைப் பரிந்துரைக்கும் ஒரு மரபு நம் வார இதழ்களில் இருந்தது. ஒளிப்பதிவாளர் செழியன் ஆனந்த விகடனில் எழுதிய ‘உலக சினிமா’ தொடர் அதற்கு நல்ல உதாரணம். அதைப் படித்த சின்ன ஊர் வாசகருக்கு அந்தப் படங்கள் எந்தக் கடையிலும் கிடைக்காது. அவர் படத்தைப் படித்தார். கதையையும் காட்சியையும் எழுத்தில் வாங்கி மனத்தில் ஓட்டிக்கொண்டார். பின்னால் சென்னைக்கு வந்தபோது பாரிமுனை பர்மா பஜாரில் குனிந்து நின்று டிவிடி அடுக்குகளைப் புரட்டியவர்களில் கணிசமானோர், இப்படிப் படித்துவைத்த பட்டியலைத்தான் தேடினார்கள். கள்ளப் பிரதிதான், நியாயப்படுத்தவில்லை. தமிழ் சினிமாவின் ஒரு தலைமுறை இயக்குநர்களின் படிப்பறை அது என்பதையும் மறைக்க முடியாது. அங்கே பரிந்துரை என்பது பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே வந்து காத்திருந்தது. சில படங்களைக் கடைசிவரை பார்க்காமலே நேசித்தவர்களும் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

*

கணினி இந்த வேலைக்குள் நுழைந்த கதையில் தொடக்கப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தமானது. நெட்ஃப்ளிக்ஸ் பிறப்பதற்கு முன்பே, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களின் ஆய்வுக்கூடமான பெல்கோரில் வில் ஹில்லும் அவர் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். 1995இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பதிலாக ஒரு நீண்ட படப் பட்டியல் வரும். பார்த்த படங்களுக்கு மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்பினால், உங்கள் ரசனையோடு ஒத்துப்போகிறவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்குப் பிடித்த, நீங்கள் பார்க்காத படங்களை அது சொல்லும். சில நூறு பேர்தான் கலந்துகொண்டார்கள்.

ரசனை ஒத்துப்போகிறவர்கள் யார் என்பதையும் அந்தப் பதில் கடிதம் காட்டியது. பெயர் வெளியிடச் சம்மதித்தவர்களுக்கு நீங்களே எழுதிப் பேசலாம். அதாவது அந்த இயந்திரம் படத்தை மட்டும் கொடுக்கவில்லை, ஆளையும் கொடுத்தது. இருவர் சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால், இருவரின் மதிப்பெண்களையும் வைத்துப் பொதுவாக ஒரு பட்டியலும் தந்தது. வீடியோ வாடகைக் கடைக்கு மனிதர்கள் தனியாகப் போனாலும், பார்ப்பது தனியாக இல்லை என்பது அந்த ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கிய ‘மூவிலென்ஸ்’ தளத்தின் ஒரு கிளையாக 2001இல் வந்த ‘பாலிலென்ஸ்’ இதை இன்னும் கொஞ்சம் நகர்த்தியது. நாலு பேர் சேர்ந்து பார்க்க எந்தப் படம்? நாலு பேரின் விருப்பத்தைக் கூட்டி நாலால் வகுத்தால் ஒருவர் கொட்டாவி விட, மூவர் சிரிக்கும் படம் வந்துவிடும். ஆகவே அவர்கள் வேறொரு முறையைக் கையாண்டார்கள். குழுவில் யாருக்கு அந்தப் படம் மிகக் குறைவாகப் பிடிக்குமோ, அவருடைய மதிப்பெண்தான் மொத்தக் குழுவின் மதிப்பெண். ஆய்வாளர்கள் இதைக் ‘குறைந்தபட்சத் துயரம்’ என்ற பொருளில் அழைத்தார்கள். தமிழ்நாட்டுக் கூடங்களில் இந்த முறைக்குப் பெயர் வைக்காமலே பல காலமாக வாழ்ந்துவந்திருக்கிறோம். பாட்டி முகம் சுளிக்காத படம், பையன் போனை எடுக்காத படம். தேடித் தேடிக் கடைசியில் மறுபடியும் ‘மைக்கேல் மதன காமராஜன்’. இப்போது யோசித்தால் அந்தத் தேர்வில் ஒரு கணிதச் சுத்தம் இருக்கிறது.

பின்னால் வந்த வணிக நிறுவனங்கள் இந்தப் பாதையில் போகவில்லை. ஒரே கணக்கில் அம்மாவின் சீரியலும் மகனின் ஜப்பானிய அனிமேயும் கலந்து பரிந்துரைகள் குழம்பியபோது, நெட்ஃப்ளிக்ஸ் 2013இல் ஒரு கணக்குக்குள் ஐந்து பேருக்குத் தனித்தனிப் பக்கம் அமைத்துக் கொடுத்தது. கூட்டுக் குடும்பச் சச்சரவுக்குத் தனிக்குடித்தனம் தீர்வு. நடைமுறையில் வசதிதான். ஆனால் "நாங்க எல்லாரும் சேர்ந்து பார்க்க" என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லாமல் போனது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வெள்ளிக்கிழமைக் கேள்வி இன்னும் உயிரோடிருக்க இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

*

நெட்ஃப்ளிக்ஸ் பரிசுக்கு வருவோம். 2006 அக்டோபர் 2 அன்று அந்தக் கம்பெனி ஒரு போட்டி அறிவித்தது. 4,80,189 வாடிக்கையாளர்கள் 17,770 படங்களுக்குப் போட்ட 10 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திர மதிப்பீடுகளை, பெயர்களை நீக்கிவிட்டுப் பொதுவில் வைத்தது. ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார் என்பதை சினிமேட்சைவிட 10 சதவீதம் துல்லியமாகக் கணிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர்.

முதல் எட்டு சதவீதம் ஓரளவு வேகமாக வந்துவிட்டது. மிச்ச இரண்டுக்குத்தான் ஆண்டுகள் பிடித்தன. ‘நெப்போலியன் டைனமைட்’ என்ற 2004ஆம் ஆண்டு நகைச்சுவைப் படம் எல்லோரையும் தடுக்கி விழவைத்தது. ஒருவருக்கு மற்றப் படங்களில் என்ன பிடிக்கும் என்று எவ்வளவு தெரிந்திருந்தாலும், இது பிடிக்குமா என்று சொல்ல முடியவில்லை. ஐந்து நட்சத்திரம், இல்லாவிட்டால் ஒன்று. தமிழில் இப்படிப்பட்ட படங்களின் பட்டியல் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும், அந்தப் பட்டியலைச் சொல்லித்தான் நட்புகள் முறியும்.

கடைசியில் 2009இல் இரண்டு குழுக்கள் ஒரே அளவு துல்லியத்தை எட்டின. 10.06 சதவீத முன்னேற்றம். ஒரு குழு மற்றதைவிட 20 நிமிடம் முன்னதாகச் சமர்ப்பித்திருந்தது, அவர்களுக்கே பரிசு.

பரிசு பெற்ற முழுச் சூத்திரத்தை நெட்ஃப்ளிக்ஸ் பயன்படுத்தவில்லை. இடையில் வென்ற இரண்டு நுட்பங்களை எடுத்துக்கொண்டது. மற்றது செலவுக்குத் தகுந்த பலன் தராது என்று 2012இல் அதன் பொறியாளர்களே எழுதினார்கள். 2007இலேயே ஸ்ட்ரீமிங் வந்துவிட்டதால் நிலைமை தலைகீழாகியிருந்தது. டிவிடி காலத்தில் வாடிக்கையாளர் இரண்டு நாள் கழித்து வரப்போகும் படத்தைத் தேர்ந்தெடுத்தார். தன்னைப் பற்றி ஒரு நல்லெண்ணத்தோடு தேர்ந்தெடுத்தார். ஸ்ட்ரீமிங்கில் இந்த நிமிடம், சாப்பிட்ட தட்டு கையில் இருக்கும்போதே தேர்ந்தெடுக்கிறார். அவர் போட்ட நட்சத்திரத்தைவிட, எதை எத்தனை நிமிடம் பார்த்தார், எங்கே நிறுத்தினார் என்பது அதிகம் சொன்னது.

2017இல் நட்சத்திரங்களையே எடுத்துவிட்டுக் கட்டைவிரல் முறையைக் கொண்டுவந்தார்கள். அப்போது அதன் அதிகாரி டாட் யெலின் சொன்ன காரணத்தின் சாரம் இது: மக்கள் ஆவணப் படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள், லேசான நகைச்சுவைக்கு மூன்று போடுகிறார்கள், ஆனால் திரும்பத் திரும்பப் பார்ப்பது மூன்று நட்சத்திரத்தைத்தான். மதிப்பெண் போடும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் விமர்சகராகிவிடுகிறார். நட்சத்திரம் என்பது படத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை. ஆனந்த விகடன் ‘பதினாறு வயதினிலே’ படத்துக்கு 62.5 மதிப்பெண் கொடுத்ததை இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்த எண் அந்தப் படத்துக்குச் சூட்டிய மாலை. மாலையின் எடையை வைத்து இன்று ராத்திரி என்ன பார்ப்பார்கள் என்று கணிக்க முயன்றதுதான் அந்தப் பத்து லட்சம் டாலர் போட்டி.

மனிதர்களின் இந்த இரட்டைக் கணக்கை உளவியல் ஆய்வாளர்கள் முன்பே பார்த்துவிட்டார்கள். டேனியல் ரீட், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், ஷோபனா கல்யாணராமன் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பின்னொரு நாளைக்கு என்று தேர்ந்தெடுத்தவர்கள் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ போன்ற கனமான படங்களின் பக்கம் போனார்கள். இன்றைக்கே பார்க்க என்று தேர்ந்தெடுத்தவர்கள் லேசான படங்களை எடுத்தார்கள். பத்தாண்டுகள் கழித்து கேத்தரின் மில்க்மேன், டாட் ராஜர்ஸ், மாக்ஸ் பேஸர்மன் மூவரும் ஆஸ்திரேலிய ஆன்லைன் டிவிடி வாடகைக் கம்பெனி ஒன்றின் கணக்குகளை அலசினார்கள். ‘பார்த்தாக வேண்டும்’ ரகப் படங்கள் வீட்டில் அதிக நாள் கிடந்தன. ‘பார்க்க ஆசை’ ரகப் படங்கள் சீக்கிரம் பார்க்கப்பட்டுத் திரும்பி வந்தன. உயர்ந்த படங்கள் தூசி படிந்து கிடக்கின்றன என்பதையே கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள்.

நமக்கு வரும் பரிந்துரைகளில் பெரும்பகுதி ‘பார்த்தாக வேண்டும்’ ரகம் என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் நண்பருக்கு போன் செய்து, "மூணாவது தடவையா ஒரு பேய்ப் படம் பார்த்தேன், சுமார்தான், நீயும் பாரு" என்று சொல்வதில்லை. சொல்லும்போது நம்முடைய சிறந்த முகத்தைக் காட்டுகிறோம். கேட்பவரின் சிறந்த முகத்தைப் பார்த்தும் பேசுகிறோம். இந்தப் படத்தைத் தாங்குவார், புரிந்துகொள்வார் என்று அவரை மதிக்கிறோம். சித்தப்பாவின் ஈரானியப் படத்தை இப்போது நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். அதில் போலித்தனம் இருக்கிறது, கொஞ்சம். ஆனால் நாலு வருஷமாக ஒருவர் நம்மை அந்தப் படத்துக்குத் தகுதியானவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

*

பார்க்கும் பட்டியலைப் பிறர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 1987இல் அதிபர் ரீகன் ராபர்ட் போர்க் என்பவரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். கடும் சர்ச்சைக்கிடையே வாஷிங்டனின் வாரப் பத்திரிகை ஒன்றின் நிருபர், போர்க் வழக்கமாகப் போகும் வீடியோ கடையிலிருந்து அவர் வீட்டில் எடுத்த 146 படங்களின் பட்டியலை வாங்கி வெளியிட்டுவிட்டார். பட்டியலில் அசிங்கம் ஒன்றும் இல்லை. ஹிட்ச்காக், ஜேம்ஸ் பாண்ட், மார்க்ஸ் சகோதரர்கள். ஆனாலும் நாடாளுமன்றத்தில் இரு கட்சிகளும் பதறின. தங்கள் பட்டியலும் ஏதோ ஒரு கடையில் இருக்கிறது என்று ஒவ்வொரு உறுப்பினருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். மறு ஆண்டே, யார் என்ன வீடியோ எடுத்தார் என்பதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று சட்டம் வந்தது. மருத்துவக் குறிப்புகளைக் காக்க அந்த நாட்டில் விரிவான சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வீடியோ பட்டியலுக்குக் காவல் போட்டாகிவிட்டது.

நெட்ஃப்ளிக்ஸ் பரிசுப் போட்டியின் தரவையும் இதே பூதம் வந்து பிடித்தது. பெயர் நீக்கிய மதிப்பீடுகளிலிருந்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அர்விந்த் நாராயணனும் விட்டலி ஷ்மாட்டிகோவும் 2008இல் நிரூபித்தார்கள். ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்களும், தோராயமான தேதிகளும் தெரிந்தால் போதும். அவற்றில் இரண்டு தவறாக இருந்தாலும் பரவாயில்லை. 99 சதவீதம் பேரை அந்தக் கடலிலிருந்து பிரித்தெடுக்கலாம். ஐஎம்டிபி தளத்தில் தன் பெயரில் சில படங்களைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தால், நெட்ஃப்ளிக்ஸில் அவர் ரகசியமாகப் பார்த்த மற்றவையும் வெளியே வந்துவிடும். சொல்லும் பட்டியலைச் சாவியாக வைத்துப் பார்க்கும் பட்டியலின் பூட்டைத் திறந்தார்கள். வழக்குத் தொடரப்பட்டது. அடுத்த போட்டியை 2010இல் கைவிட்டார்கள்.

நண்பர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று காட்டும் வசதியும் ஒன்று நெட்ஃப்ளிக்ஸில் இருந்தது. 2004இல் கொண்டுவந்து, ஆள் சேராமல் 2010இல் எடுத்துவிட்டார்கள். பலர் இதைத் தொழில்நுட்பக் குறை என்று பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் என்ன பார்க்கிறேன் என்பது தானாக என் நண்பருக்குப் போய்ச் சேர்ந்தால் அது வேவு. நான் தேர்ந்தெடுத்து, ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பினால்தான் அது பரிந்துரை.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழில் அதற்கென்றே ஒரு தனி மொழி உருவாகியிருக்கிறது. "குடும்பத்தோட பார்க்கலாம்." "தனியா பாரு." "ஒரு தடவ பார்க்கலாம்." "லாஜிக் பார்க்காத." "இடைவேளை வரைக்கும் இழுவை." "கிளைமாக்ஸ் யார்ட்டயும் கேட்காத." "டப்பிங்ல பார்க்காத, சப்டைட்டிலோட பாரு." "மனசு சரியில்லாதப்ப பார்க்க வேண்டாம்." இவற்றில் ஒன்றுகூட எத்தனை நட்சத்திரம் என்று சொல்லவில்லை. எப்போது, யாருடன், எந்த நிலையில் என்று சொல்கின்றன. மருந்துச் சீட்டில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதுவது மாதிரி.

இயந்திரமும் இதைப் போலச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரே படத்துக்கு ஆளுக்கேற்ப வேறு வேறு முகப்புப் படம் காட்டுவதாக நெட்ஃப்ளிக்ஸ் 2017இல் விளக்கியது. ‘குட் வில் ஹன்டிங்’ படத்தைக் காதல் படம் விரும்புகிறவருக்குக் காதல் ஜோடியோடும், நகைச்சுவை விரும்புகிறவருக்கு ராபின் வில்லியம்ஸ் முகத்தோடும் காட்டுவது உதாரணம். "உனக்குப் பிடிச்ச ஆள் இதுல இருக்காரு" என்று நண்பர் ஆசை காட்டுவதும் இதுதான். அந்த ஆள் இரண்டு காட்சியில் மட்டும் வந்து போனால், மறுநாள் நண்பரின் சட்டையைப் பிடிக்கலாம். முகப்புப் படத்தின் சட்டையை எங்கே பிடிப்பது?

அந்த நிறுவனத்தின் கார்லோஸ் கோமஸ்-உரைபேயும் நீல் ஹன்டும் 2015இல் எழுதிய கட்டுரைப்படி, அங்கே பார்க்கப்படும் நேரத்தில் சுமார் 80 சதவீதம் பரிந்துரையின் வழியே வருகிறது. தேடிப் போய்ப் பார்ப்பது மிச்சம் 20. ஒரு வாடிக்கையாளர் 60 முதல் 90 விநாடிகள் வரை பத்து இருபது தலைப்புகளைப் பார்ப்பார். அதற்குள் ஒன்றும் அகப்படாவிட்டால் ஆர்வம் போய்விடும். அந்தத் தொண்ணூறு விநாடிக்குள் ஆளை உட்கார வைப்பதுதான் இயந்திரத்தின் வேலை. நாலு வருஷம் ஒரே படத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் பொறுமை அதற்குக் கிடையாது.

சில படங்களுக்கோ அந்தப் பொறுமையும் வாய்வழிப் பேச்சும்தான் கைகொடுத்தன. ஜியோ பேபி இயக்கிய மலையாளப் படம் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ பெரிய ஓடிடி தளங்கள் வாங்க மறுத்த நிலையில், 2021 ஜனவரி 15 அன்று நீஸ்ட்ரீம் என்ற சின்னத் தளத்தில் வந்தது. தமிழ்நாட்டில் அந்தத் தளத்தின் பெயரைக்கூட அதுவரை கேள்விப்படாதவர்களே அதிகம். எந்த முகப்புப் பக்கமும் அதை நமக்குக் காட்டவில்லை. பெண்கள் பெண்களுக்குச் சொன்னார்கள். எங்கள் குழுவில் அத்தை அதைச் சொன்ன விதம் நினைவிருக்கிறது: "இத உங்க வீட்டுக்காரரோட உட்கார்ந்து பாருங்கடி." அந்த ஒரு வாக்கியத்தில் படத்தின் கதை, விமர்சனம், பார்க்கும் முறை மூன்றும் இருந்தன. பாலிலென்ஸின் குறைந்தபட்சத் துயரக் கணக்குக்கு நேர் எதிரான பரிந்துரை. சோபாவில் ஒருவருக்குச் சங்கடம் வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். பேச்சு பரவிய பிறகு அமேசான் பிரைம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டது. 2023இல் தமிழிலும் மறுஆக்கம் வந்தது.

அதே 2021இல், நவம்பர் 2 அன்று நேரடியாக ஓடிடியில் வந்த ‘ஜெய் பீம்’ சில நாள்களில் ஐஎம்டிபியில் 9.6 என்ற மதிப்பெண்ணை எட்டி, ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தையே தாண்டியது. பார்த்தவர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போடுவது போலப் பத்துக்குப் பத்து போட்டார்கள். அந்த எண்ணைச் சினிமா மதிப்பீடாகப் படித்து முகம் சுளித்த விமர்சகர்களும் இருந்தார்கள். ஒரு காவல் நிலையக் கொடுமை பேசப்பட வேண்டும் என்பதற்கு மக்கள் போட்ட கையெழுத்தாகப் படித்தால் அதில் குழப்பமில்லை. அதில் பத்து போட்ட எத்தனையோ பேர் அந்தப் படத்தை இரண்டாவது முறை பார்க்கத் துணியமாட்டார்கள். நானும் பார்க்கவில்லை. இன்றுவரை பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நெட்ஃப்ளிக்ஸ் தன் தபால் டிவிடி சேவையை 2023 செப்டம்பர் 29 அன்று மூடியது. 1998இல் ‘பீட்டில்ஜூஸ்’ படத்தோடு தொடங்கி, சிவப்பு உறைகளில் 520 கோடிக்கும் மேற்பட்ட டிவிடிக்களை அனுப்பியிருந்தது. விடைபெறும்போது ஒரு காரியம் செய்தது. விருப்பம் தெரிவித்த வாடிக்கையாளர்களில் சிலருக்கு, அவர்கள் ‘பிறகு பார்க்கலாம்’ என்று வரிசையில் போட்டு வைத்திருந்த படங்களிலிருந்து பத்து வரை கூடுதலாக அனுப்பியது. யாரோ சொல்லிக் கேட்டு எப்போதோ சேர்த்து, ஒவ்வொரு வாரமும் லேசான ஒரு படத்துக்கு வழிவிட்டுப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்த படங்கள், கடைசியில் கதவைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தன. திருப்பி அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை நாள் மேசைமேல் கிடந்தன என்று கணக்கெடுக்க இந்த முறை யாருக்கும் வழியில்லை.